திங்கட்கிழமைக் குடிமக்கள்

வேங்கிக்காலில் வளர்ந்தவர்களுக்குத் திங்கட்கிழமையை அறிய காலண்டர் தேவையில்லை. காலை ஒன்பது மணியிலிருந்தே வேலூர் சாலையில் பஸ்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிற்கும். செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி, ஜவ்வாது மலை என்று மாவட்டத்தின் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் இறங்குவார்கள். கையில் துணிப்பை, பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் பட்டா நகல், ரேஷன் அட்டை நகல், ஏற்கெனவே கொடுத்த மனுக்களுக்கான ரசீதுகள். ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரில் இருப்பதால், மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்டத்தின் மொத்தக் குறையும் வாரம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து போகும். ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கும் டீக்கடைக்காரர்களுக்கும் அன்றுதான் சந்தை.

நான் எழுதிய முதல் மனு ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. எங்கள் தெருவில் ஓர் அத்தை இருந்தார். ரத்த உறவில்லை, தெரு முறையில் அத்தை. கணவர் இறந்து ஏழெட்டு வருஷம், பிள்ளை வெளியூரில், வயது அறுபத்தைந்துக்கு மேல். முதியோர் உதவித்தொகைக்கு யாராவது எழுதித் தரவேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அப்பாவிடம் வந்து கேட்டார்.

அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. "நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எனக்கு ஆதரவு யாரும் இல்லை. தாங்கள் என் மீது கருணை கூர்ந்து..." அங்கே நிறுத்தி, "கருணை எதுக்குப்பா? வயசானவங்களுக்குக் குடுக்கணும்னு சட்டம்தானே?" என்று கேட்டேன். அந்த வாரம்தான் குடிமையியல் பாடத்தில் அடிப்படை உரிமைகள் நடத்தியிருந்தார்கள்.

"எழுதுடா. மனுன்னா அப்படித்தான்" என்றார் அப்பா.

சில மாதங்களில் உதவித்தொகை வந்துவிட்டது. அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "அந்த மகராசன் நல்லா இருக்கணும், எம் முகத்தப் பார்த்து நிமிந்து ஒரு வார்த்தை கேட்டாரு" என்று ஆட்சியரை வாழ்த்தினார். எனக்கும் ஒரு வாழ்த்து கிடைத்தது. எல்லாருக்கும் சந்தோஷம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நடந்ததில் எந்தத் தவறும் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை: நமக்கு உரியது நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டால், அது எந்த வழியாக வந்தது என்பது முக்கியமா?

*

முக்கியமில்லை என்றுதான் நடைமுறை அறிவு சொல்லும். பசிக்குச் சோறு கிடைத்தால் போதும், அது உரிமையா கருணையா என்று இலை போட்டு விவாதிக்க முடியாது. நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் சொற்களைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும். 'கலெக்டர்' என்ற பதவி கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் உருவாக்கியது. வரி வசூலிப்பவர் என்பதைத் தாண்டி அந்தச் சொல்லுக்குப் பொருள் இல்லை. விடுதலைக்குப் பிறகு அதை நாம் தமிழாக்கினோம். மக்களாட்சி வந்தபின் செய்த தமிழாக்கத்தில் வசூலிப்பவர் 'ஆட்சியர்' ஆகிவிட்டார். ஆங்கிலேயன்கூட அவரை ஆள்பவர் என்று அழைக்கவில்லை.

மறுபக்கத்தில் நம்மைக் குறிக்க மூன்று சொற்கள் இருக்கின்றன. திங்கட்கிழமை நாம் மனுதாரர். திட்டம் கிடைத்துவிட்டால் பயனாளி. அரசியலமைப்புச் சட்டத்தின்படி குடிமகன், குடிமகள். முதல் இரண்டும் அரசு அலுவலகங்களில் தினமும் புழங்குகின்றன. மூன்றாவதைப் பத்திரிகைகள் டாஸ்மாக் வாசலில் நிற்பவரைக் கிண்டல் செய்யத்தான் அதிகம் பயன்படுத்துகின்றன. புழக்கத்தில் இல்லாத சொல்லை யாரோ எடுத்துக் கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

ஐரிஷ் சிந்தனையாளர் ஃபிலிப் பெட்டிட் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தருகிறார். ஓர் அடிமைக்கு ரொம்ப நல்ல எஜமானர் வாய்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பதில்லை, நேரத்துக்குச் சோறு, எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த அடிமை சுதந்திரமானவனா? இல்லை என்கிறார் பெட்டிட். எஜமானர் இன்று குறுக்கிடவில்லை, ஆனால் நாளை மனம் மாறினால் குறுக்கிட முடியும். அடிமைக்கும் அது தெரியும். அதனால் எஜமானரின் முகத்தைப் பார்த்தபடியேதான் வாழ்வான். சுதந்திரம் என்பது யாருடைய நல்ல மனதையும் சார்ந்திராமல் இருப்பது. ஒருவரை ஒருவர் அச்சமோ பணிவோ இல்லாமல் கண்ணோடு கண் பார்த்துப் பேச முடிகிறதா என்பதுதான் அவர் வைக்கும் சோதனை.

எங்கள் அத்தை ஆட்சியரைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வருகிறது. நிமிர்ந்து பார்த்தவர் அவர். அத்தை நிமிர்ந்து பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை.

*

தமிழ் மனதில் நல்லாட்சிக்கு இருக்கும் படம் திருவாரூரின் மனுநீதிச் சோழன். கன்றை இழந்த பசு மணியை அடிக்கிறது, அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலை உண்டு. அதிகாரிகள் கிராமத்துக்கே போய் மனு வாங்கும் முகாமுக்கு அரசு வைத்திருக்கும் பெயரே 'மனுநீதி நாள்'. சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன். இப்போது யோசிக்கும்போது வேறொன்று படுகிறது. அந்தக் கதையில் எல்லாமே அரசனின் மனசாட்சியில் தொங்குகிறது. அவன் காதை மூடிக்கொண்டு தூங்கியிருந்தால் பசு என்ன செய்திருக்கும்? மறுபடியும் மணியை அடித்திருக்கும். அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

கார்ல் பாப்பர் 1945-ல் வெளிவந்த 'திறந்த சமூகமும் அதன் எதிரிகளும்' நூலில் இந்த இடத்தைத்தான் தொடுகிறார். யார் ஆள வேண்டும் என்று பிளேட்டோ காலத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம், அந்தக் கேள்வியே சரியில்லை என்கிறார். மோசமான ஆட்சியாளரை ரத்தம் சிந்தாமல் எப்படி இறக்குவது, அதற்கு எப்படிப்பட்ட அமைப்பு வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. மக்களாட்சி நல்லவர்களைக் கொண்டுவரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வந்தவர் சரியில்லை என்றால் அனுப்பி வைக்கலாம் என்பதுதான் அதன் பலம்.

ஆட்சியரை நாம் அனுப்பி வைக்க முடியாது. அவர் நல்லவராக இருந்தால் இரண்டு வருடத்தில் மாற்றல் ஆகிவிடுமே என்று வருத்தப்படலாம். அவ்வளவுதான்.

*

என் பிழைப்பு மென்பொருள். நாங்கள் செய்யும் செயலியில் ஏதாவது கோளாறு என்றால் வாடிக்கையாளர் ஒரு டிக்கெட் போடுவார். அதற்கு ஒரு எண் கிடைக்கும். இத்தனை மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று கணக்கு உண்டு. பதில் சொன்னதும் டிக்கெட் மூடப்படும். மாதக் கடைசியில் தொண்ணூற்றைந்து சதவீதம் மூடிவிட்டோம் என்று ஒரு வரைபடம் போட்டுக் கைதட்டுவோம். பிரச்சினை தீர்ந்ததா என்பது வேறு விஷயம்.

குறைதீர்ப்பு அமைப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த டிக்கெட் ஞாபகம்தான். ஜெயலலிதா ஆட்சியில் 2016-ல் 1100 என்ற எண்ணில் அம்மா அழைப்பு மையம் வந்தது. 2021-ல் ஸ்டாலின் ஆட்சியில் 'முதல்வரின் முகவரி' துறை, 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்'. கட்சி மாறினாலும் திசை மாறவில்லை. இவற்றால் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை நடந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். பழைய மனுவில் இருந்த கூழைக்கும்பிடு இதில் குறைவு, எண் இருக்கிறது, எஸ்எம்எஸ் வருகிறது. எஜமானர் போய் சர்வீஸ் சென்டர் வந்திருக்கிறது. முன்னேற்றம்தான்.

ஆனால் வாடிக்கையாளர் டிக்கெட் போடலாமே தவிர, செயலியில் அடுத்து என்ன கட்டுவது என்று முடிவெடுக்கும் அறைக்குள் வர முடியாது. எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுக்கலாம். இந்த வருடப் பணத்தில் விளக்கா, வாய்க்காலா, எது முதலில்? இது புகாரில் வராத கேள்வி. போன வருடம் விளக்குக்கு எவ்வளவு செலவானது, பில் எங்கே? இதுவும் புகார் கிடையாது, கணக்குக் கேட்பது. குறை சொல்வதற்கும் கணக்குக் கேட்பதற்கும் இடையில்தான் மனுதாரர் முடிந்து குடிமகன் தொடங்குகிறார் என்று நினைக்கிறேன்.

நம்முடைய பழைய கல்வெட்டே இதைச் சொல்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டி, மக்களாட்சியை உலகத்துக்கே நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம் என்று மேடையில் பேசுகிறார்கள். அது மிகை. அது ஒரு பிராமணர் ஊரின் சபை. நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது எல்லாம் இருந்த ஆண்களின் பெயர்கள் மட்டுமே குடத்துக்குள் போயின. எங்கள் அத்தையின் பெயர் அங்கே போயிருக்காது. என் பெயரும் போயிருக்காது. ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது: வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தகுதி பெற மாட்டார், அவருடைய நெருங்கிய உறவினர்களும் பெற மாட்டார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பு, சமமானவர்கள் என்று தங்களைக் கருதிக்கொண்ட ஒரு சிறு வட்டம், தங்களுக்குள் கணக்குக் கேட்டுக்கொண்டது. அந்த வட்டத்தை ஊர் முழுக்க விரித்தால் கிடைப்பது கிராமசபை.

1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் செய்தது அதைத்தான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராமசபை உறுப்பினர். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. 1994-ல் ராஜஸ்தான் கிராமங்களில் அருணா ராய் போன்றவர்கள் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் நடத்திய மக்கள் விசாரணைகளில், கூலி வேலை செய்தவர்கள் வருகைப் பதிவேட்டை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இறந்துபோனவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் பார்த்த கிராமசபைகள் அவ்வளவு வீரமாக இல்லை. ஓர் ஊரில், பெயர் வேண்டாம், ஒரு மே தினத்தன்று போயிருந்தேன். நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். தீர்மானங்கள் முன்பே எழுதப்பட்டிருந்தன. கையெழுத்துப் போட நோட்டு சுற்றி வந்தது. முக்கால் மணி நேரத்தில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் எழும்போது ஒரு பெண் கேட்டார்: "டேங்க் கழுவனதா எழுதிக்கீதே, எப்பக் கழுவனீங்க? எங்க வூட்டு எதிர்லதான் டேங்கு. நான் பாக்கவேயில்லையே?" யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் சங்கடம். அடுத்த வாரமே தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பெண் 'தாழ்மையுடன்' கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்பது மாதிரி கேட்டார்.

*

இவ்வளவு நேரம் சொன்னதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை அடிப்படை அலகாக வைக்கவில்லை என்பதற்காக மகிழ்ச்சி தெரிவித்தார். கிராமம் என்பது குறுகிய பற்றும் அறியாமையும் வகுப்புவாதமும் ஊறிய இடம், தனிமனிதர்தான் அலகு என்பது அவர் வாதம். காந்தியின் கிராம சுயராஜ்யக் கனவில் வளர்ந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. ஆனால் சேரியில் பிறந்தவருக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. ஊர் கூடிப் பேசும் ஆலமரத்தடியில் அவருக்கு உட்கார இடம் கிடையாது. ஊரைத் தாண்டி ஒரு அதிகாரி இருக்கிறார், அவருக்கு ஊர்க்காரர் யார் என்று தெரியாது, அவரிடம் ஒரு தாளைக் கொடுக்கலாம் என்பது அவருக்கு அடிமைத்தனமாகத் தெரியாது. அதுதான் விடுதலையின் முதல் வாசல்.

மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கு நடுவே முருகேசன் தலைவரானார். எரிக்கப்பட்ட வீடுகளுக்கான இழப்பீடு விஷயமாக மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு, பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், 1997 ஜூன் 30 அன்று அவரும் உடன் வந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

இந்தச் செய்தியைப் பலமுறை படித்திருக்கிறேன். எங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். ஆனாலும் மனுதாரராகத்தான் பஸ் ஏற வேண்டியிருந்தது. மனு கொடுக்கப் போனதால் அவரைக் கொல்லவில்லை, தலைவராக இருந்ததால் கொன்றார்கள். மனுக் கொடுப்பவரைச் சாதி பொறுத்துக்கொள்ளும். தலைவராக உட்காருபவரைத்தான் அதனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மனுவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமா என்று கேட்டேன் இல்லையா, கொன்றவர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்ற நான்கு ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டை எதிர்த்துப் பத்து வருடம் ஒழுங்காகத் தேர்தல் நடத்த முடியவில்லை. வேட்புமனு வராது, வந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-ல்தான் அங்கே தேர்தல் நடந்தது. அதற்குப் பின்னால் இயக்கங்களின் போராட்டமும் இருந்தது, மாவட்ட நிர்வாகத்தின் உழைப்பும் இருந்தது. மேலே இருந்து வந்த அதிகாரம் கீழே ஓர் அதிகாரம் பிறக்க வழிவிட்டது. எனக்கு இதில் பதில் இருக்கிறது. மனு வாங்கும் கை வேண்டும். ஆனால் அந்தக் கை செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, மனு கொடுப்பவர் என்றைக்காவது தானே உட்கார்ந்து முடிவெடுக்க ஒரு நாற்காலியைக் காத்துக் கொடுப்பதுதான்.

*

அந்த நாற்காலியை நாம் எவ்வளவு மதிக்கிறோம்?

2016 அக்டோபரில் தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. வழக்குகள், வார்டு மறுவரையறை என்று தள்ளிப்போய், ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மூன்று வருடத்துக்கு மேல் தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊர்கள் ஓடின. ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு தெளிவாகச் சொல்கிறது. அந்த மூன்று வருடமும் நான் ஊருக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தேன். தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. ஊராட்சி மன்றமே இல்லை என்பதை என் நண்பர்களில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. சட்டமன்றம் மூன்று வருடம் இல்லாமல் போயிருந்தால் ஊரே கொந்தளித்திருக்கும். 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். மறுபடியும் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

இதற்கிடையில் 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. வேங்கிக்காலும் சுற்றியுள்ள ஊராட்சிகளோடு அதற்குள் வந்தது. ஊரில் இரண்டு விதமாகப் பேசினார்கள். பாதாளச் சாக்கடை வரும், சாலை வரும், நிலத்தின் விலை ஏறும் என்று ஒரு பக்கம். வரி ஏறும், நூறு நாள் வேலை போகும் என்று இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயமான பேச்சு. மழைக்காலத்தில் வேங்கிக்கால் ஏரி நிரம்பி வழிவதைப் பார்த்தவர்களுக்கு, இதை ஊராட்சியின் பணத்தால் சமாளிக்க முடியாது என்பது தெரியும். ஊர் நகரமாகிவிட்டது. ஊராட்சியாகவே இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் இரண்டு பக்கத்திலும் ஒருவர்கூடக் கிராமசபை போகிறதே என்று சொல்லவில்லை. நகரங்களுக்கும் பகுதி சபை, வார்டு குழு என்று தமிழ்நாட்டில் 2022-ல் விதிகள் வந்தன, அந்த நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்களும் நடந்தன. நமக்கு வரும் பகுதி சபை எப்போது கூடும், அதில் எனக்கு என்ன இடம் என்று யாரும் கேட்கவில்லை. வரியையும் விலையையும் பேசினோம். வாடிக்கையாளர்கள் அதைத்தான் பேசுவார்கள்.

நல்ல நிர்வாகம் கெட்டதல்ல. அதன் ஆபத்து, அது நன்றாக நடக்கும்போது நமக்குப் பழக்கம் விட்டுப்போவது. கணக்குக் கேட்பது நீச்சல் மாதிரி ஒரு பழக்கம். ஆழம் குறைவான இடத்தில், தெரு விளக்கிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பழகாதவர், பெரிய வெள்ளத்தில் திடீரென்று நீந்த முடியாது.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்துத் தெரு அண்ணி ஒருவர் வந்தார். தெருவில் வாய்க்கால் இல்லை, மழை பெய்தால் தண்ணீர் வாசலில் நிற்கிறது. எழுதித் தரவேண்டும். லேப்டாப்பைத் திறந்தேன். 'கருணை கூர்ந்து' போடவில்லை. 'தாழ்மையுடன்' போடவில்லை. எங்கள் தெருவுக்கு இது தேவை, இந்த ஆண்டு இந்தப் பகுதிக்கு ஒதுக்கிய தொகை என்ன, எந்த வேலைகளுக்கு, எப்போது முடிவெடுத்தீர்கள் என்று தெரிவிக்கவும் என்று எழுதினேன். படித்துக் காட்டினேன்.

அண்ணி சங்கடமாகச் சிரித்தார். "நல்லாத்தான்பா இருக்குது. ஆனா சண்டைக்குப் போற மாதிரி இருக்குதே. அந்தத் தாழ்மையுடன் மட்டும் போட்டுடு. நாளைக்கி நான்தான போய் நிக்கணும்?"

அவர் சொன்னது சரி. போய் நிற்கப் போவது அவர், நான் ஞாயிற்றுக்கிழமை இரவே பஸ் ஏறிவிடுவேன். தாழ்மையுடன் என்று சேர்த்தேன். ஒதுக்கீடு பற்றிய கேள்வியை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "அது இருக்கட்டும்" என்றார். "எவ்ளோன்னு எனக்கும் தெரியணும்."